பக்கீர் பாய் வீட்டு மாடிப் போர்ஷன்

பக்கீர் முஹம்மதுவை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம்தான் வருகிறது. கெட்ட மனிதர் இல்லை. ஐந்து வேளை தொழுகிறவர். எந்தச் சாதி, எந்த மதத்துக்காரர் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாக வந்து நிற்பார், நாற்காலி தூக்கிப் போடுவார். அதெல்லாம் சரி. நல்ல மனிதர் மேல் கோபப்படக் கூடாது என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது?

என் பெயர் பாப்பாத்தி. மரக்காணத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தேன். சின்ன வயதில் போலியோ வந்து ஒரு கால் சூம்பிப் போனது. உட்கார்ந்த இடத்தை விட்டு நான் அதிகம் நகர்வதில்லை, ஊர்தான் என்னைத் தேடி வரும். வீடு வாடகைக்கு வேண்டும் என்கிறவர்களும், வீட்டுக்கு ஆள் வேண்டும் என்கிறவர்களும் என்னிடம்தான் சொல்லி வைப்பார்கள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். என்னிடம் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி.

பாயின் வீடு பூத்துக்கு எதிர்ச் சந்தில் இரண்டாவது. இன்னும் நாலு மனை தாண்டினால் உப்பளம் ஆரம்பித்துவிடும். என் நாற்காலியிலிருந்து பார்த்தால் அவர் வீட்டு வாசல் போர்ட்டிகோவும், அதற்கு மேலே தெருப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் மாடி பால்கனியும் நேராகத் தெரியும். அந்த பால்கனிக்கு அடியில்தான் பாயின் மனைவி சைத்தூன் பீவி தினமும் சாயங்காலம் ஜமுக்காளம் விரித்து, தெருவில் இருக்கும் ஏழு பெண் பிள்ளைகளுக்கு அரபி ஓதிக் கொடுப்பார். பத்து பைசா வாங்கமாட்டார்.

பாய் சவூதியில், தம்மாம் என்கிற ஊரில், இருபத்திரண்டு வருஷம் தண்ணீர் லாரி ஓட்டினார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவார், இரண்டு மாசம் இருப்பார், போய்விடுவார். இப்போது புருஷன் வீட்டில் இருக்கும் மகள் ஹுமா பிறந்ததைப் போனில்தான் கேட்டார். அந்த இருபத்திரண்டு வருஷத்துக்கும் சேர்த்து அவர் கையில் காட்டிக்கொள்ள இருந்தது இந்த ஒரு மாடி வீடுதான். அதையும் அவர் அங்கே இருந்துகொண்டு போனிலேயே கட்டி முடித்தார். 2003 கடைசியில் சர்க்கரை வியாதியோடு ஒரேயடியாக ஊர் திரும்பியவர், காலையில் தொழுதுவிட்டு வந்ததும் சாலையில் நின்று வீட்டை ஒருதரம் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவார். அந்த வீட்டை யாராவது ஒரு சொல் குறை சொல்லிவிட்டால் போச்சு, அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. வீடு நல்ல வீடு என்றால் தான் வாழ்ந்தது வாழ்க்கை. வீடு சொத்தை என்றால் அத்தனை வருஷமும் சொத்தை. அவர் கணக்கு அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. கேள்வி கேட்கிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. "அங்க ஒரு மலையாளத்தான், லீவு சம்பளத்தப் பத்தி ரெண்டே ரெண்டு கேள்வி கேட்டான். மறுநாள் ஏர்போர்ட்டுல நிக்கிறான்" என்று என்னிடம் பத்துத் தரம் சொல்லியிருக்கிறார். கேள்வி கேட்பது முதலாளிக்கு உரியது, மற்றவன் கேட்டால் திமிர் என்று அங்கே மண்டையில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். இங்கே வந்து வீட்டு ஓனர் ஆனதும் அதே புத்தியை இவர் எடுத்துக்கொண்டார்.

சுனாமி வந்துபோன பிறகு, மீனவர் குப்பங்களில் வீடு கட்டிக் கொடுக்கிற வேலைக்கு வெளியூர் ஆட்கள் நிறைய வந்தார்கள். பாய்க்கும் ஆசை வந்தது. மாடியைத் தனிப் போர்ஷனாகப் பிரித்து, சுண்ணாம்பு அடித்து, "நல்ல ஆளா பாரும்மா" என்று என்னிடம் சொல்லி வைத்தார்.

2005 மே மாசம் ஒரு சனிக்கிழமை பிரியதர்ஷினி வந்தாள். முப்பது வயதிருக்கும், சேலத்துப் பக்கம், பி.இ. சிவில் படித்தவள். அனுமந்தையில் சுனாமி வீடு கட்டும் இடத்தில் சைட் இன்ஜினியர். இரண்டு வருஷ வேலை, மாசம் பிறந்தால் பேங்க்கில் சம்பளம். கூடத் தங்கப் போவது அம்மாவும், ஒன்றாம் வகுப்புப் போகப் போகும் மகளும். ஆபீஸ் லெட்டரைக் காட்டினாள். பழைய வீட்டுக்காரர் நம்பரை அவளே எழுதிக் கொடுத்து, "என்னப் பத்தி அவர்கிட்டயே கேட்டுக்குங்கக்கா" என்றாள். நான் விடுவேனா, உடனே போன் போட்டேன். "அந்தப் பொண்ணா? காலி பண்ணிட்டுப் போனதுல எங்களுக்குத்தான் வருத்தம். குழாய் சொட்டுனாக்கூட அன்னிக்கே சொல்லிடும்" என்றார் அந்த மனிதர்.

இப்படி ஒரு ஆள் வீடு தேடி வருகிறாள் என்றால் வீட்டுக்காரர் நேர்த்திக்கடன் வைத்திருக்க வேண்டும். நானே மூன்று சக்கர வண்டியை ஓட்டிக்கொண்டு அவளை அழைத்துப் போனேன். பாய்க்கும் வாயெல்லாம் பல். "இன்ஜினியரா, நல்லது, நல்லது" என்று மாடியைத் திறந்து காட்டினார். சைத்தூன் பீவி டீ போட்டு எடுத்து வந்தார்.

அவள் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தாள். அங்கே பிடித்தது சனி.

"சார், குடிக்கிற தண்ணி எங்கேருந்து வருது?"

"பஞ்சாயத்துக் குழாய். காலையில ஒரு மணி நேரம் வரும்."

"மோட்டார் சுவிட்ச் கீழ இருக்குதா? நீங்க வெளியூர் போனா நாங்க எப்படிப் போடறது?"

"சாவி குடுத்துட்டுப் போவேன்."

"கரண்ட்டுக்கு எர்த் போட்டிருக்கா? பாத்ரூம் தண்ணி எங்க போய் விழுது? வாடகை ஏத்தறதா இருந்தா எத்தன மாசம் முன்னால சொல்வீங்க?"

கேட்பாள், எழுதிக்கொள்வாள், அடுத்ததைக் கேட்பாள். மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை இல்லை. ஆனால் பாயின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுண்டிக்கொண்டே வந்தது.

"ஏம்மா, நீ வாடகைக்கு வர்றியா, வெலைக்கு வாங்கப் போறியா?" என்றார்.

"வாடகைக்குத்தான் சார். வெலைக்கு வாங்குனா நானே சரி பண்ணிக்குவேன். வாடகைன்னா உங்களத்தான கேக்கணும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. பாய் சிரிக்கவில்லை. எல்லோரும் கீழே இறங்கி போர்ட்டிகோவில் நின்றோம். அவள் அண்ணாந்து பால்கனியின் அடிப்பக்கத்தைப் பார்த்தாள். புதுச் சுண்ணாம்புக்கு மேலேயே பழுப்பு நிறத்தில் நீளமாக இரண்டு கோடுகள் தெரிந்தன.

"இந்தக் கோடு எப்பலேர்ந்து இருக்குது?"

"அது உப்புக் காத்து. எல்லா வீட்லயும் இருக்கும்" என்றார் பாய்.

அது பொய்யில்லை, அதுதான் கொடுமை. எங்கள் ஊரில் சுவர் உப்புப் பூப்பதை யாரும் சீந்தமாட்டார்கள். வெள்ளையாகப் பூத்தால் துடைப்பத்தால் தட்டிவிடுவோம், கறை படிந்தால் நோன்புக்கோ பொங்கலுக்கோ ஒரு சுண்ணாம்பு அடிப்போம். உப்பிலேயே பிறந்து உப்பிலேயே கிடக்கிறவர்களுக்கு எந்தக் கறை சும்மா, எந்தக் கறை ஆளை அடிக்கும் என்று வித்தியாசம் தெரியாமல் போய்விட்டது. எனக்கும் அன்றைக்குத் தெரியாது.

"வெள்ளையா பூத்தா பரவாயில்ல சார். பழுப்புக் கோடுன்னா உள்ள கம்பி துருப் பிடிக்குதுன்னு அர்த்தம். காங்கிரீட் எந்தத் தண்ணில கலந்தாங்க?" என்றாள் பிரியதர்ஷினி.

சைத்தூன் பீவி சட்டென்று நிமிர்ந்தார். "அது வந்தும்மா, நம்ம கெணத்து..." என்று ஆரம்பித்தார்.

"நீ உள்ள போ" என்றார் பாய்.

எனக்கு அந்தக் கிணறும் தெரியும், அந்தத் தண்ணீரும் தெரியும். வாயில் வைத்தால் நாக்கு எரியும். வீடு கட்டிய சமயம் பாய் வெள்ளிக்கிழமை தோறும் என் பூத்துக்குத்தான் போன் செய்வார், நான் ஆள் அனுப்பிப் பீவியைக் கூப்பிடுவேன். மாடிக்குக் காங்கிரீட் போட்ட வாரம் அந்த அம்மா போனில், "ஏங்க, மேஸ்திரி நம்ம கெணத்துத் தண்ணியவே ஊத்துறான், நல்ல தண்ணி டிராக்டர்ல கொண்டாரச் சொல்லவா" என்று கேட்டார். இவர் போட்ட சத்தம் ரிசீவரைத் தாண்டி என் காதில் விழுந்தது. "மேஸ்திரிக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிடுச்சா? நொய் நொய்னு கேட்டுட்டு இருக்காத." ஊரான் ஊருக்கெல்லாம் நல்ல தண்ணீர் லாரி ஓட்டிய ஆள், தன் வீட்டுக்கு உப்புத் தண்ணீரை ஊற்ற வைத்தார். வயிறு எரியுமா எரியாதா?

பிரியதர்ஷினி விடவில்லை. "சார், குத்தம் சொல்றதுக்காகக் கேக்கல. இத இப்பவே கொத்திப் பாத்தா சரி பண்ணிடலாம். எங்க சைட்லேர்ந்து ஆள் கூட்டிட்டு வர்றேன், செலவு ரொம்ப ஆகாது."

"வீடு இல்ல" என்றார் பாய்.

"சார்?"

"வேற ஆளுக்குச் சொல்லியாச்சு. நீ கெளம்பும்மா."

அவள் நோட்டை மூடினாள். பீவியைப் பார்த்து, "டீ நல்லா இருந்துச்சும்மா" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள். தெருவுக்கு வந்ததும் நான் அவள் மேலேயே பாய்ந்தேன். "உனக்கு வீடு வேணுமா, பரீட்சை நடத்தணுமா? அட்வான்ஸக் குடுத்துட்டு வந்து ஒக்காந்த பெறவு இதெல்லாம் கேக்கக் கூடாதா?"

"என் பொண்ணு தூங்கப் போற எடங்க்கா. நான் கேக்காம வேற யாரு கேப்பா?" என்றாள். அந்த வாரமே கிளியனூர்ப் பக்கம் வீடு கிடைத்துப் போய்விட்டாள்.

சாயங்காலம் பாய் பூத்துக்கு வந்தார். நான் பிடித்துக்கொண்டேன். "தங்கமான ஆளத் தொரத்திட்டீங்களே பாய். நாலு கேள்விக்கு நாலு பதில் சொல்ல வாய் வலிக்குதா?"

"வர்றதுக்கு முன்னாடியே இவ்ளோ கேக்கறவ, நாளைக்கு என்னக் கோர்ட்டுல நிக்க வெப்பா. எனக்கு வாயில்லாத ஆளா பாரு."

இங்கேதான் நான் செய்தது வருகிறது. மறைக்கப் போவதில்லை. ஜூன் மாசம் சகாதேவன் வந்தான். உப்பு லாரி புக்கிங் ஆபீஸில் வேலை, சாது, மனைவி மங்கம்மா, கைக்குழந்தை ஒன்று. நான் அவனை உட்கார வைத்துப் பாடம் எடுத்தேன். "இந்த ஓனருக்குக் கேள்வி கேட்டா புடிக்காது. காட்டறத பாரு, தலைய ஆட்டு. உள்ள வந்த பெறகும் இது ஒழுகுது அது ஒடைஞ்சிதுன்னு போய் நிக்காத. நின்னா பொட்டியத் தூக்கிட்டு வெளிய வர வேண்டியதுதான்." கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டேன். பெரிய கெட்டிக்காரி.

சகாதேவன் தலையை ஆட்டினான், வீடு கிடைத்தது. பாய்க்கு அத்தனை சந்தோஷம். "பாத்தியா, ஒரு வார்த்த பேசல. இவன்தான் குடித்தனக்காரன்" என்று என்னிடம் வந்து சொன்னார். ஐந்து மாசம் மாடியிலிருந்து ஒரு சத்தம் இல்லை.

அந்த வருஷம் அடைமழை. நவம்பரில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது, உப்பளமெல்லாம் ஏரி மாதிரி நின்றது. மழை கொஞ்சம் விட்டிருந்த ஒரு சாயங்காலம், மணி ஐந்து இருக்கும், நான் யாருக்கோ பில் கொடுத்துக்கொண்டிருந்தேன். எதிர்ச் சந்தில் லாரி ஜல்லி கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். நிமிர்ந்தால் பால்கனி இல்லை. போர்ட்டிகோ முழுக்கக் கல்லும் கம்பியும் தண்ணீருமாகக் கிடந்தது. தூசு அடங்கியதும், வாசற்படிக்குப் பக்கத்தில் சைத்தூன் பீவியின் முந்தானை தெரிந்தது.

தெருவே ஓடியது. என் காலை வைத்துக்கொண்டு நான் பூத்திலேயே நின்று, "புள்ளைங்க, புள்ளைங்க" என்று கத்தினேன். ஏழு பிள்ளைகளும் வீட்டுக்குள் ஹாலில் இருந்தார்கள். ஒருத்திக்கும் கீறல் இல்லை. மழைக்காலம் என்று உள்ளே உட்கார வைத்திருப்பார், அல்லா காப்பாற்றினான் என்று எல்லோரும் சொன்னார்கள். பீவிக்கு வலது தோள் எலும்பு உடைந்தது. வலது கையில் இரண்டு விரலைப் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் பாய் மாடிக்கு ஏறிப்போய்ச் சகாதேவன் சட்டையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்து வந்தார். பால்கனியில் தண்ணீர் பிடித்து வைக்க இருநூறு லிட்டர் டிரம் வைத்திருந்தார்கள். "யாரக் கேட்டு டிரம் வெச்ச? கல்லு பேத்துக்கிட்டு வருதுன்னு ஒரு வார்த்த சொன்னியாடா?"

"கேக்கணும்னுதாங்க நெனச்சேன். மூணு தரம் பால்கனியில காரை பேந்துச்சு. மங்கம்மாதான் கூட்டிப் போட்டுது" என்று அழுதான் அவன். பிறகு சாலைக்கு எதிர்ப்பக்கம், என் பூத்தை நோக்கிக் கையைக் காட்டினான். "அந்த அக்காதாங்க வாயத் தொறக்காதன்னாங்க."

நான் ஷட்டரை இழுத்துவிட்டு உள்ளே உட்கார்ந்து என் கன்னத்தில் நானே அறைந்துகொண்டேன். பாய் மேல் எனக்கு இருக்கும் கோபத்தில் பாதி என் மேல் இருக்கும் கோபம்தான் என்று அன்றைக்குத் தெரிந்தது. ஆனால் அந்தப் பாதியும் குறைகிற வழியாகத் தெரியவில்லை.

சகாதேவன் வீட்டைக் காலி செய்து போனான். பாய் இரண்டு மாசம் என் பூத் பக்கமே வரவில்லை. 2006 ஜனவரியில் ஒருநாள் காலை வந்து நின்றார்.

"அந்த இன்ஜினியர் பொண்ணு நம்பர் இருக்குதா?"

"எதுக்கு? இன்னொரு தரம் வெளிய போன்னு சொல்றதுக்கா?"

"மிச்ச வீட்ட பாக்கச் சொல்லணும். நாங்க ரெண்டு பேரும் அதுக்குள்ளதான் படுத்துக்கறோம்."

பிரியதர்ஷினி ஞாயிற்றுக்கிழமை வந்தாள். நானும் வண்டியை ஓட்டிக்கொண்டு போனேன். பீவி கையில் கட்டோடு ஹாலில் உட்கார்ந்திருந்தார். அந்தக் கையைப் பார்த்ததும் அவள் முகம் சிவந்துபோனது.

"நான் அன்னிக்கே சொன்னேன் சார். குத்தம் கண்டுபுடிக்க வந்தவ மாதிரி வெரட்டி விட்டீங்க" என்றாள்.

பாய் ஒரு நாற்காலியை இழுத்து அவளுக்குப் போட்டார். அவள் நோட்டை எடுத்தாள். எந்த வருஷம் கட்டியது, கம்பி எத்தனை நாள் வெயில் மழையில் கிடந்தது, மணல் எங்கே எடுத்தது, ஒன்றொன்றாகக் கேட்டாள். தெரிந்ததற்குப் பதில் சொன்னார், தெரியாததற்குத் தெரியாது என்றார். "எந்தத் தண்ணி?" என்று கேட்டபோது மட்டும் ஒருதரம் கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"கெணத்துத் தண்ணி" என்றார். "உப்புத் தண்ணி."

அவள் சின்னச் சுத்தியலால் ஒவ்வோர் அறையிலும் நாற்காலி போட்டு ஏறித் தட்டிப் பார்த்தாள். இறங்கி வந்து, மாடி மொத்தத்தையும் இடித்து எடுக்க வேண்டும், கீழ் வீடு தப்பிக்கும், ஆனால் அதற்குள் இவர்கள் இங்கே தூங்கக் கூடாது என்றாள். பாய் தலையை மட்டும் ஆட்டினார். சகாதேவன் ஆட்டிய மாதிரியே ஆட்டினார்.

கிளம்புகிற நேரத்தில் அவள் பீவியிடம் கேட்டாள். "நல்ல வேளம்மா, அன்னிக்குப் புள்ளைங்க உள்ள இருந்தாங்களாமே. மழைக்காகவா?"

"மழையெல்லாம் இல்லம்மா" என்றார் சைத்தூன் பீவி. "நீ வந்துட்டுப் போன மறுநாள்லேர்ந்து அதுங்கள உள்ளதான் ஒக்கார வெச்சேன். பழுப்புக் கோடுன்னா கம்பி துருப் பிடிக்குதுன்னு நீதான சொன்ன."

"அப்ப நீங்க?"

"நான் வாசப்படிகிட்ட, எப்பவும் ஒக்கார்ற எடத்துல."

"தெரிஞ்சே எதுக்கும்மா அங்க ஒக்காந்தீங்க?"

"புள்ளைங்க உள்ள போனத இவர் கவனிக்கல. நானும் உள்ள போயிட்டா ஏன் போனேன்னு கேப்பாரு. என்னம்மா சொல்றது? நீங்க கட்டுன வீட்டுக்குக் கீழ ஒக்கார பயமா இருக்குதுன்னா சொல்றது? மனசு ஒடஞ்சி போயிடுவாரு."

சாயங்காலக் கூட்டத்தில், எதிரிலேயே இருந்த நானும் அதைக் கவனித்திருக்கவில்லை. பாய் எழுந்து வந்து பீவிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார். கட்டுப் போட்ட கையைத் தொடப் போய், தொடாமல் தன் கையை எடுத்துக்கொண்டார்.

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா சைத்தூனு?"

பீவி அவரைப் பார்த்தார். குத்திக் காட்டுகிற பார்வை இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"எப்போங்க?"

பாய் திரும்பி என்னைப் பார்த்தார், நான் ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன் என்று.

"உங்களத்தான் கேக்கறாங்க பாய். நீங்களே சொல்லுங்க" என்றேன்.